கல்லாவில் வந்த வித்தியாசமான நாணயம்: அச்சுப் பிழையா, அடிபட்டதா?

கேள்வி: லண்டன் டூட்டிங்கில் சின்னதாக ஒரு மளிகைக் கடை வைத்திருக்கிறேன். இரவு கல்லாவை எண்ணும்போது வித்தியாசமாகத் தெரியும் நாணயங்களைத் தனியே எடுத்துப் போட்டு ஒரு டப்பா நிரம்பிவிட்டது. அதில் ஆறு நாணயங்களை மட்டும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். தேதி இல்லாத 20 பென்ஸ், 'நியூ பென்ஸ்' என்று எழுதிய 1978ஆம் வருட 2 பென்ஸ், ஓரத்து எழுத்து தலைகீழாக இருக்கும் 2 பவுண்ட், வெள்ளி நிறத்தில் ஒரு 1996ஆம் வருட 2 பென்ஸ், ஓரத்தைக் கடித்துத் துப்பியது போல் ஒரு 2006ஆம் வருட 2 பென்ஸ், நடுவட்டம் விலகிய 1 பவுண்ட். இணையத்தில் இதே மாதிரி நாணயங்களுக்கு ஆயிரம், இரண்டாயிரம் பவுண்ட் என்று விலை போட்டிருக்கிறார்கள். தெரிந்தவர் ஒருவர் ஆறையும் சேர்த்து 30 பவுண்டுக்குக் கேட்கிறார். கொடுத்துவிடலாமா அண்ணா? இனிமேல் நானே பார்த்துக் கண்டுபிடிக்க என்ன வழி?

பதில்: வணக்கம். முதலில் அந்த 30 பவுண்ட் விஷயம்: கொடுக்க வேண்டாம். நீங்கள் அனுப்பியதில் ஐந்து நாணயங்கள் கல்லாவுக்கே திரும்பிப் போக வேண்டியவை. ஆனால் ஒன்று, அந்தக் கடிபட்ட 2 பென்ஸ், உண்மையிலேயே நாணயம் அடிக்கும் இடத்தில் உண்டான பிழை போலத்தான் தெரிகிறது. அது ஒன்றே கிட்டத்தட்ட அந்த 30 பவுண்டுக்குப் போகலாம். மொத்தமாகக் கேட்பவர் எதைப் பார்த்துக் கேட்கிறார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தொழிலில் என் கைக்கு வரும் 'பிழை நாணயங்களில்' பெரும்பாலானவை பிழையே இல்லை, யாரோ சுத்தியலால் தட்டியது, துணி உலர்த்தும் இயந்திரத்துக்குள் மாட்டிக்கொண்டு மாதக்கணக்கில் உருண்டது, அமிலத்தில் ஊறியது, இல்லையென்றால் நாணயம் சரியாகவே இருக்கிறது, பார்ப்பவருக்குத்தான் அதன் வடிவமைப்பு பழக்கமில்லை. அதனால் ஒரு நாணயத்தைக் கையில் எடுத்தால் 'இது எவ்வளவு வித்தியாசமாக இருக்கிறது' என்று பார்க்காதீர்கள். 'நாணயம் செய்யும் எந்தக் கட்டத்தில் இது நடந்திருக்க முடியும்' என்று கேளுங்கள். எந்தக் கட்டத்திலும் நடந்திருக்க முடியாது என்றால் அது வெளியில் நடந்த சேதம், அதற்கு விலை கிடையாது.

அதற்குச் செய்முறை கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும். பிரிட்டனின் நாணயங்களை அடிக்கும் ராயல் மின்ட் இப்போது இருப்பது தெற்கு வேல்ஸில், லான்ட்ரிசன்ட் என்ற ஊரில். 1968இல் அங்கே திறந்தார்கள், அதற்கு முன் லண்டன் டவர் ஹில்லில் இருந்தது. உலோகத் தகட்டிலிருந்து வெற்று வில்லைகளை வெட்டி எடுப்பது முதல் வேலை. 1992 செப்டம்பருக்குப் பிறகு வந்த 1 பென்னி, 2 பென்ஸ் என்றால் அந்த வில்லை எஃகு, அதன் மேல் செம்பு முலாம் பூசுவார்கள். வில்லையின் விளிம்பை அழுத்தி மேடாக்குவது இன்னொரு வேலை. கடைசியாக ஒரு வளையத்துக்குள் வில்லையை உட்கார வைத்து, தலைப் பக்கத்து அச்சும் பூப் பக்கத்து அச்சும் ஒரே அடியில் இரண்டு முகத்தையும் பதிக்கும். வில்லை வெட்டும்போது ஒரு வகைப் பிழை, முலாம் பூசும்போது ஒரு வகை, அச்சடிக்கும்போது வேறு வகை. ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு தடயத்தை விட்டுவிட்டுத்தான் போகும்.

இப்போது உங்கள் கடிபட்ட 2 பென்ஸுக்கு வருகிறேன், ஏனென்றால் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல நாணயம் கிடைக்காது. தகடு நகர்ந்துகொண்டே இருக்க, மேலிருந்து வெட்டும் கத்தி வில்லை வில்லையாக எடுத்துக்கொண்டே போகும். தகடு போதுமான அளவு நகராமல் ஒருமுறை நின்றுவிட்டால், முன்பு வெட்டிய ஓட்டையின் மேலேயே அடுத்த வெட்டும் கொஞ்சம் விழும். அந்த வில்லைக்கு ஓரத்தில் பிறை மாதிரி ஒரு பகுதி இருக்காது. அந்தக் குறையோடே அது அச்சுக்குப் போய் நாணயமாகிவிடும். சரி, யாரோ அரத்தால் ராவிக்கூட இதே பிறையை உண்டாக்கலாமே, எப்படிப் பிரித்தறிவது? உங்கள் படத்தில் நான் மூன்று விஷயம் பார்த்தேன்.

ஒன்று, பிறையின் நேர் எதிர்ப்புறத்தைப் பாருங்கள், அங்கே விளிம்பு மேடு மெலிந்து, ஏறக்குறைய காணாமலே போயிருக்கிறது. விளிம்பை மேடாக்கும் இயந்திரம் வில்லையை இரு பக்கமும் பிடித்து அழுத்தும். ஒரு பக்கம் உலோகமே இல்லாதபோது எதிர்ப்பக்கத்திலும் அழுத்தம் விழாது. இதைத்தான் பிளேக்ஸ்லி விளைவு என்பார்கள். வீட்டில் அரம் வைத்து ராவுகிறவரால் பிறையைச் செய்ய முடியும், எதிர்ப்பக்கத்து விளிம்பை இப்படி இயல்பாக மெலிய வைப்பது மிகவும் கடினம். இரண்டாவது, பிறைக்குப் பக்கத்தில் இருக்கும் எழுத்துகள் வெட்டுப்பட்டு நிற்காமல் ஓட்டையை நோக்கி லேசாக இழுபட்டு அகலமாகியிருக்கின்றன. அடி விழும்போது உலோகம் காலியாக இருக்கும் பக்கம் வழியத்தான் செய்யும். மூன்றாவதுதான் எனக்கு அதிக நம்பிக்கை தந்தது: பிறையின் வெட்டு முகத்திலும் செம்பு நிறம் இருக்கிறது. 2006 நாணயம் என்பதால் உள்ளே எஃகு. முலாம் பூசுவதற்கு முன்பே வெட்டு நடந்திருந்தால்தான் அந்த இடத்திலும் செம்பு ஏறியிருக்கும். பின்னால் யாராவது வெட்டியிருந்தால் அங்கே எஃகின் சாம்பல் நிறமும், இந்த ஊர் ஈரத்தில் கொஞ்சம் துருவும் தெரிந்திருக்கும். கையில் வாங்கிப் பார்க்காமல் முடிவாகச் சொல்ல மாட்டேன், ஆனால் படத்தை வைத்துப் பார்த்தால் இது நல்ல நாணயம். இருபது முப்பது பவுண்ட் எதிர்பார்க்கலாம்.

அடுத்து 20 பென்ஸ். இதைப் பற்றிக் கேட்டுத்தான் எனக்கு அதிகம் கடிதம் வருகிறது. தேதி இல்லாத 20 பென்ஸ் என்று ஒன்று உண்மையாகவே இருக்கிறது. 2008இல் மேத்யூ டென்ட் வரைந்த புதிய வடிவம் வந்தபோது, அதுவரை பூப் பக்கத்தில் இருந்த தேதியைத் தலைப் பக்கத்துக்கு மாற்றினார்கள். அந்த மாற்றத்தின் நடுவே புதிய பூப் பக்கத்து அச்சோடு பழைய தலைப் பக்கத்து அச்சைச் சேர்த்து அடித்துவிட்டார்கள். இரண்டு பக்கத்திலும் தேதி கிடையாது. பிரிட்டனில் முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தேதியில்லாத நாணயம் புழக்கத்துக்கு வந்ததே இல்லை என்பதால் 2009இல் செய்தி பெரிதாகப் பரவியது. இப்படிப் பொருந்தாத இரண்டு அச்சுகள் சேர்ந்து பிறந்த நாணயத்தை மியூல் என்போம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: உங்களுடையதன் பூப் பக்கத்தில் கிரீடம் வைத்த ரோஜா இருக்கிறது. ரோஜா இருந்தாலே அது பழைய வடிவம், அதில் தேதி ரோஜாப் பக்கத்தில்தான் இருக்கும், உங்கள் இரண்டாவது படத்திலேயே 1989 என்று தேய்ந்து தெரிகிறது பாருங்கள். ராணி இருக்கும் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு 'தேதி இல்லை' என்று துள்ளுகிறவர்கள் நிறையப் பேர். நீங்கள் தேட வேண்டியது, பூப் பக்கத்தில் கேடயத்தின் ஒரு துண்டு, தலைப் பக்கத்தில் தேதி இல்லை, இந்த இரண்டும் சேர்ந்த நாணயம்.

அப்படி ஒன்று கிடைத்தாலும் தேதி இருந்த இடத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். தேய்த்து எடுத்திருந்தால் அந்த இடம் மட்டும் தனிப் பளபளப்போடு, ஒரே திசையில் ஓடும் நுண்கீறல்களோடு, சுற்றியுள்ள பரப்போடு ஒட்டாமல் இருக்கும். உண்மையான மியூலில் அந்த இடமும் மற்ற இடமும் ஒரே மாதிரிதான் தேய்ந்திருக்கும். விலையும் சொல்லிவிடுகிறேன். குறைந்தது 50,000 நாணயங்கள் இப்படி வெளியே போயிருக்கும் என்று அப்போதே கணக்குச் சொன்னார்கள், அதனால் கிடைக்காத பொருள் இல்லை. நல்ல நிலையில் இருந்தால் ஐம்பது பவுண்டைச் சுற்றி, கொஞ்சம் கூடவும் போகலாம். ஆயிரக்கணக்கில் இல்லை.

கேடயத் துண்டு என்றேன் அல்லவா, அதைப் பற்றியும் ஒரு வார்த்தை. டென்ட்டின் வடிவத்தில் 1 பென்னி முதல் 50 பென்ஸ் வரை ஆறு நாணயங்களிலும் அரசக் கேடயத்தின் வெவ்வேறு பாகங்கள்தான் இருக்கும். ஆறையும் ஒழுங்காக அடுக்கினால் முழுக் கேடயம் வரும். 'பாதிப் படம்தான் விழுந்திருக்கிறது, சிங்கத்துக்குத் தலை இல்லை' என்று எழுதுகிறவர்களுக்கு இதுதான் பதில்.

'நியூ பென்ஸ்' விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1971 பிப்ரவரியில் தசம முறை வந்ததிலிருந்து 1981 வரை எல்லா 2 பென்ஸிலும் 'நியூ பென்ஸ்' என்றுதான் இருக்கும், அவை கோடிக்கணக்கில் புழங்குகின்றன. 1982இலிருந்து அது 'டூ பென்ஸ்' ஆனது. பிழை என்பது 1983 என்ற தேதியோடு 'நியூ பென்ஸ்' என்று இருப்பது மட்டும்தான். அதுவும் அந்த வருடம் சேகரிப்பாளர்களுக்காகப் பெட்டியில் போட்டு விற்ற தொகுப்புகளில் வந்தது, பல நூறு பவுண்ட் பெறும். உங்கள் 1978க்கு மதிப்பு 2 பென்ஸ். யாராவது தொகுப்பைப் பிரித்துச் செலவழித்திருந்தால் கல்லாவுக்கு வரலாம்தான், 1983ஐ மட்டும் கண்ணில் வைத்துக்கொள்ளுங்கள், மற்ற வருடங்களுக்காக நேரத்தைச் செலவிடாதீர்கள்.

2 பவுண்ட் நாணயத்தின் ஓரத்தில் எழுத்து எந்தப் பக்கமாக நின்றாலும் பிழை இல்லை. ஓரத்து எழுத்தை முதலில் பொறித்துவிட்டுத்தான் வில்லையை அச்சுக்கு அனுப்புவார்கள், அது எந்தப் பக்கம் மேலே வருமாறு போய் விழும் என்று யாரும் பார்ப்பதில்லை. ஏறக்குறைய பாதி நாணயங்கள் அப்படி, பாதி இப்படி. இதை நூறு பவுண்டுக்கு விற்க முயல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது, ஏனென்றால் அதை நம்பி வாங்கி ஏமாறுகிறவர்கள் பெரும்பாலும் புதிதாகச் சேகரிக்க ஆரம்பித்த பிள்ளைகள். வெடிமருந்துச் சதியின் நினைவாக 2005இல் வந்த 2 பவுண்டில் 'ரிமெம்பர்' என்பது 'பிமெம்பர்' என்று தெரிகிறது என்பார்கள். அது எழுத்தின் கால் சரியாகப் பதியாததால் வருவது, ஏராளமாக இருக்கிறது, அதற்குப் பெரிய விலை இல்லை. 1997ஆம் வருட 2 பவுண்டில் ராணி கழுத்தில் மாலை போட்டிருப்பதால் அபூர்வம் என்பது இன்னொரு பழைய வதந்தி, அந்த வருட உருவமே அப்படித்தான். அந்தப் பழைய 2 பவுண்டின் பூப் பக்கத்தில் பல்சக்கரங்கள் வட்டமாகக் கோத்திருக்கும், எண்ணினால் 19 வரும். ஒற்றைப்படையாக இருப்பதால் அந்தச் சக்கரங்கள் சுற்றவே முடியாது. சுவாரஸ்யமான தகவல்தான், ஆனால் அது வரைந்தவருடைய விஷயம், எல்லா நாணயத்திலும் அப்படியே இருக்கிறது. எல்லா நாணயத்திலும் இருக்கும் ஒன்றை யாரும் கூடுதல் விலை கொடுத்து வாங்க மாட்டார்கள்.

நடுவட்டம் விலகிய 1 பவுண்டில் ராணியின் முகத்தைப் பாருங்கள். வட்டம் நகர்ந்த பக்கமே முகமும் நகர்ந்திருக்கிறது, கொஞ்சம் சாய்ந்தும் இருக்கிறது. வளையமும் நடுவட்டமும் அச்சடிக்கும் அதே அடியில்தான் ஒன்றோடொன்று இறுகுகின்றன, படமும் அப்போதுதான் பதிகிறது. ஆகவே நடுவட்டம் தள்ளி உட்கார்ந்த உண்மையான பிழையில் இரண்டு நிறங்கள் சேரும் கோடு மட்டும் கோணலாக இருக்கும், முகம் நாணயத்தின் நடுவில் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கும். முகமும் சேர்ந்து நகர்ந்திருந்தால் யாரோ நடுவட்டத்தைத் தட்டி எடுத்துவிட்டுத் திரும்பவும் உள்ளே அழுத்தியிருக்கிறார்கள். சேருமிடத்தில் நெம்பிய தடம் உங்கள் படத்திலேயே இருக்கிறது.

ஆனால் 12 பக்க 1 பவுண்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதில் நல்ல பிழை ஒன்று உண்டு. இரண்டு பக்கத்திலும் விளிம்பின் உட்புறம் கீழே மிக நுண்ணிய எழுத்து இருக்கும், தலைப் பக்கத்தில் 'ஒன் பவுண்ட்', பூப் பக்கத்தில் வருடம். தலைப் பக்கத்தில் பெரிதாக 2016 என்று இருந்து, பூப் பக்கத்து நுண்ணெழுத்தில் 2017 என்று இருந்தால் அது மியூல். வெறுங்கண்ணால் பார்க்க முடியாது, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வேண்டும். கடையில் ஆள் வராத நேரத்தில் 2016 நாணயங்களை மட்டும் ஒதுக்கி இதைப் பார்த்து வாருங்கள்.

வெள்ளி நிற 2 பென்ஸுக்கு ஒரு காந்தமும் நகைக்கடைத் தராசு மாதிரி நூறில் ஒரு கிராம் காட்டும் சின்னத் தராசும் வேண்டும். சரியான 2 பென்ஸ் 7.12 கிராம், குறுக்களவு 25.9 மில்லிமீட்டர். 10 பென்ஸ் 6.5 கிராம், 24.5 மில்லிமீட்டர். 10 பென்ஸுக்கான வில்லை தப்பிப் போய் 2 பென்ஸ் அச்சில் அடிபட்டிருந்தால் எடை 6.5ஐ ஒட்டி வரும், விளிம்பு முழுதாக வளராமல் ஓரத்து எழுத்து விளிம்பை முட்டிக்கொண்டு நிற்கும். அப்படி வந்தால் உடனே எனக்கு எழுதுங்கள், அது பெரிய நாணயம். செம்பு ஏறாத எஃகு வில்லையும் அச்சுக்குத் தப்பிப் போவது உண்டு, அதில் எழுத்துகள் கத்தி மாதிரி கூர்மையாக இருக்கும். உங்களுடையதில் ராணியின் தலைமுடிக் கோடுகள் கரைந்திருக்கின்றன, பரப்பு மணல் மணலாக இருக்கிறது. அமிலத்தில் போட்டுச் செம்பைக் கரைத்திருக்கிறார்கள், எடை பார்த்தால் 7.12க்குக் குறைவாகவே வரும் என்று நினைக்கிறேன். பள்ளி வேதியியல் வகுப்பில் செம்பு நாணயத்தின் மேல் துத்தநாகம் ஏற்றி வெள்ளியாக்கிக் காட்டுவதும் உண்டு, அதுவும் இப்படிக் கல்லாவுக்கு வந்து சேரும்.

காந்தம் பற்றி ஒரு எச்சரிக்கை. 1992க்கு முந்தைய வெண்கலம் காந்தத்தில் ஒட்டாது, பிந்தைய எஃகு ஒட்டும். ஆனால் 1998இல் 2 பென்ஸை இரண்டு உலோகத்திலும் அடித்தார்கள், அதனால் 1998 நாணயம் ஒட்டவில்லை என்றால் பிழை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 5, 10 பென்ஸும் அப்படித்தான்: 2012 தொடக்கத்தில்தான் நிக்கல் முலாம் பூசிய எஃகு புழக்கத்துக்கு வந்தது, பழையவை ஒட்டாது.

இன்னும் ஒரு சோதனையைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள், ஒரு நொடிதான் ஆகும். ராணியோ ராஜாவோ நேராக நிற்கும்படி நாணயத்தின் உச்சியையும் அடியையும் இரண்டு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் திருப்புங்கள். பிரிட்டிஷ் நாணயத்தில் மறுபக்கமும் நேராக நிற்க வேண்டும். நன்றாகச் சாய்ந்தோ தலைகீழாகவோ வந்தால் அச்சு திரும்பியிருக்கிறது. 2015ஆம் வருட பிரிட்டானியா 2 பவுண்டில் சில இப்படி வந்திருக்கின்றன, சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகிறார்கள். ஐந்து பத்து டிகிரி சாய்வுக்கெல்லாம் விலை இல்லை. பழைய வட்டமான 1 பவுண்டில் மட்டும் இதை நம்பாதீர்கள், 2017 அக்டோபரில் திரும்பப் பெற்ற அந்த நாணயத்துக்குக் கள்ள நாணயங்கள் ஏராளம், இரண்டு பக்கமும் கோணலாக இருப்பது அவற்றின் முக்கியமான அடையாளங்களில் ஒன்று.

ஒரு பக்கத்தில் ராணி நேராகவும், மறுபக்கத்தில் அதே முகம் கண்ணாடியில் பார்ப்பது போலக் குழிந்தும் இருக்கும் நாணயம் கிடைத்தால் பதறாமல் பாருங்கள். முந்தைய நாணயம் அச்சிலேயே ஒட்டிக்கொண்டு அடுத்த வில்லையில் பதிந்தால் இப்படி வரும், விலை உயர்ந்த பிழை. ஆனால் இரண்டு நாணயங்களைப் பட்டறை வைஸில் வைத்து இறுக்கினாலும் குழிந்த முகம் விழும். வைஸில் செய்ததில் குழிவுக்கு அடியில் பழைய படம் நசுங்கிக் கிடக்கும், உண்மையானதில் அடியில் எதுவும் இருக்காது.

இணைய விலை பற்றிக் கேட்டீர்கள். விற்பவர் போட்ட விலை அவருடைய ஆசை. ஈபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும்படி வடிகட்டிப் பாருங்கள், இரண்டாயிரம் போட்ட நாணயம் பத்துப் பவுண்டுக்குக் கூடப் போயிருக்காது. ஏலத்தில் விற்றதாகக் காட்டுவதிலும் பணம் கட்டாமல் போனவை கலந்திருக்கும், ஆகவே ஒரே ஒரு விற்பனையைப் பார்த்துவிட்டு விலை முடிவு செய்யாதீர்கள். என்.ஜி.சி., பி.சி.ஜி.எஸ். போன்ற தரச் சான்று நிறுவனங்களுக்கு அனுப்பலாம், ஆனால் கட்டணமும் தபால் செலவும் சேர்த்தால் உங்கள் 2 பென்ஸின் விலையைத் தாண்டிவிடும், பல நூறு பவுண்ட் பெறும் நாணயத்துக்குத்தான் அது கட்டுப்படியாகும். நேரில் காட்ட வேண்டுமென்றால் பிரிட்டிஷ் நாணய வணிகர் சங்கத்தில், பி.என்.டி.ஏ. என்பார்கள், உறுப்பினராக இருக்கும் கடைக்குப் போங்கள், லண்டனிலேயே பல இருக்கின்றன.

கடைசியாக ஒரு வேண்டுகோள், இதை மட்டும் தயவுசெய்து கேளுங்கள். அந்த 2 பென்ஸைக் கழுவாதீர்கள். புளி போட்டுத் தேய்ப்பது, வினிகரில் ஊறவைப்பது, பிராசோ போடுவது எதுவும் வேண்டாம். செம்புக் குடத்துக்குப் புளி சரி, இதற்குக் கூடாது. முலாமின் இயல்பான நிறம் போய்விட்டால், வெட்டு முகத்திலும் அதே பழைய செம்புதான் இருக்கிறது என்று காட்ட உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சியும் போய்விடும். ஓரத்தைப் பிடித்து எடுத்து, சின்னக் காகித உறையில் தனியாகப் போட்டு வையுங்கள், மற்ற ஐந்தோடு டப்பாவில் போட வேண்டாம். எடையைப் பார்த்து, வெட்டு முகத்தைப் பகல் வெளிச்சத்தில் நேர் எதிரே நின்று ஒரு படமும், எதிர்ப்பக்கத்து விளிம்பை ஒரு படமும் எடுத்து அனுப்புங்கள். டப்பாவில் மீதி இருப்பவற்றில் 1983 தேதியிட்ட 2 பென்ஸ், கேடயம் போட்ட 20 பென்ஸ், 2016 தேதியிட்ட 1 பவுண்ட், இந்த மூன்றையும் பிரித்து வைத்துவிட்டு எழுதுங்கள், அடுத்து அதைப் பார்ப்போம்.